அப்பா விசிறிவிட்ட ஐபேட்

பார்ட்லெட் ஏரியைத் தாண்டிக்கொண்டிருந்தபோது திரை கறுத்துப்போனது. நடுவில் ஒரு வெப்பமானிப் படம். அதன் கீழே, சூடு தணிந்த பிறகுதான் ஐபேடைப் பயன்படுத்த முடியும் என்று இரண்டு வரி. ஒரு நொடிக்கு முன்புவரை அங்கே வரைபடம் இருந்தது, அதன்மேல் ஒரு குட்டி விமானமாக நானும் இருந்தேன்.

நான் இருப்பது அரிசோனாவில், ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லரில். வாரநாட்களில் மென்பொருள் சோதிக்கிற வேலை. மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை செஸ்னா 172 என்ற பழைய சிறு விமானம் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பறப்பேன். அன்று பக்கத்து இருக்கையில் அப்பா. திருச்சியிலிருந்து மூன்று மாதம் இருந்துவிட்டுப் போக வந்தவர். பொன்மலை ரயில்வே பணிமனையில் டீசல் எஞ்சின் பிரித்துப் பூட்டி முப்பத்தைந்து வருஷம் கழித்தவர். விடியற்காலை கிளம்பி செடோனா போனோம். அங்கே விமான நிலையம் மேசை மாதிரித் தட்டையான ஒரு குன்றின் உச்சியில் இருக்கிறது, 4,830 அடி உயரத்தில். இட்லிப்பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, சிவந்த பாறைகளைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம் என்று கணக்கு. ஆனால் அப்பா அங்கே ஒரு எஞ்சின் மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டார். இவருக்கு ஆங்கிலம் பாதி, அவருக்குத் தமிழ் சுத்தமாக இல்லை. ஒரு மணிநேரம் பேசினார்கள். கிளம்பும்போது பத்தரை. ஜூன் மாதம்.

செஸ்னாவில் குளிர்சாதனம் கிடையாது. கண்ணாடிக்குப் பின்னால், யோக் என்கிற, விமானத்தைத் திருப்பும் கைப்பிடியின் மேல் கிளிப்பால் மாட்டியிருந்த ஐபேட் மினிமேல் நேர் வெயில். போதாக்குறைக்குச் சார்ஜும் ஏறிக்கொண்டிருந்தது, தடிமனான ரப்பர் உறை வேறு. கீழே விழுந்தால் உடையக்கூடாதே என்று நான்தான் வாங்கிப் போட்டிருந்தேன்.

“என்னடா, அணைஞ்சிருச்சு?”

“சூடாயிருச்சுப்பா.”

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. கிளிப்பைத் தளர்த்தி ஐபேடைக் கழற்றினார், உறையை உரித்தார், காற்றுக்குழாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு கையில் இருந்த கைக்குட்டையால் விசிற ஆரம்பித்தார்.

உயிருக்கு ஆபத்து என்றெல்லாம் இல்லை. பகல் வெளிச்சம், மேகம் இல்லை, எஞ்சின் ஒழுங்காக ஓடுகிறது. வெர்டி ஆற்றைப் பிடித்துத் தெற்கே வந்தால் வீடு. சங்கடம் வேறு இடத்தில் இருந்தது. ஃபீனிக்ஸ் பெரிய விமான நிலையத்தைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டு வான்வெளி கோயில் தெப்பக்குளம் மாதிரி அமைந்தது. மேலே அகலமாக இருந்து, நடுவை நோக்கிப் படிப்படியாகக் கீழே இறங்கும். அந்தப் படிகளுக்கு அடியிலேயே பறந்தால் அனுமதி வேண்டாம், எந்தப் படிக்குள் நுழைந்தாலும் வேண்டும். எந்தப் படி எங்கே எத்தனை அடியில் தொடங்குகிறது என்பதை மூன்று வருஷமாக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது அந்த ஐபேடுதான். நான் மனப்பாடம் செய்யவே இல்லை.

மாற்று ஏற்பாடு இருந்தது, பேருக்கு. கைப்பேசியில் அதே செயலி. ஆனால் போன் மாற்றி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, புதுப் போனில் வரைபடத்தை இறக்கி வைக்கவில்லை. திறந்தால் சாம்பல் நிறக் கட்டங்கள். அச்சிட்ட வரைபடமும் இருந்தது, பின்னிருக்கைப் பையில், தண்ணீர்ப் பாட்டிலுக்கு அடியில், காலாவதியாகி இரண்டு வருஷம் ஆனது. ஆக மூன்று இருந்தும் ஒன்றும் இல்லை. உயரத்தைக் குறைத்தேன், ரேடியோவில் ஃபீனிக்ஸ் அப்ரோச் என்ற வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டைக் கூப்பிட்டு, ரேடாரில் என்னைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அந்தம்மா நான்கு எண் கொண்ட குறியீடு ஒன்று கொடுத்தார், போட்டேன், சரி என்றார். கொஞ்ச நேரத்தில் ஃபவுண்டன் ஹில்ஸ் ஊரின் நீரூற்று வெள்ளைக் கம்பமாக எழும்புவது தெரிந்தது. மணிக்கு ஒருமுறை பீறிடுவது அது, அன்று எனக்காகவே பீறிட்ட மாதிரி இருந்தது. அதற்கப்புறம் வழி தெரியும். சாண்ட்லரில் இறங்குவதற்கு ஐந்து நிமிஷம் முன்பு ஐபேடுக்கு உயிர் வந்தது. அப்பா விசிறுவதை நிறுத்தவில்லை.

அன்று ராத்திரி சாப்பிட்டு முடித்த பிறகுதான் கேட்டார்.

“அந்தப் பலகைல இருக்குற மீட்டர் எல்லாம் யாரோ டெஸ்ட் பண்ணியிருப்பாங்கல்ல?”

“ஆமாப்பா. உயரமானியை ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா டெஸ்ட் பண்ணுவாங்க.”

“எங்க ஷாப்ல ஒவ்வொரு பிரஷர் கேஜ்லயும் டெஸ்ட் பண்ண தேதி எழுதி ஒட்டியிருக்கும். தேதி தாண்டுனா அதைப் பாக்கக்கூடாது. உன் ஐபேட்ல தேதி எங்க?”

பதில் சொல்ல வரவில்லை. அது கடையில் வாங்கியது என்றேன். தெரியும், அதான் கேட்கிறேன் என்றார்.

தேதி இல்லை. ஆனால் ஓர் எண் இருக்கிறது, வாங்கும்போது யாரும் படிக்காத எண். ஐபேடின் விவரக்குறிப்பில் ஆப்பிள் வெளிப்படையாகவே போட்டிருப்பது: இயங்கும் வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ், இயங்கும் உயரம் அதிகபட்சம் 10,000 அடி. எங்கள் ஊரில் 2023-ல் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரியைத் தாண்டியது. ஆக ஜூனில் ஃபீனிக்ஸில் என் ஐபேட் சூடாகி அணைந்தது பழுதே கிடையாது. செய்வேன் என்று சொன்னதைத்தான் செய்தது. விமானப் பலகையில் பொருத்தும் மின்னணுக் கருவிகளைச் சோதிக்க டிஓ-160 என்றொரு தரநிலை இருக்கிறது. அதில் சாதாரண வகைக்கே 55 டிகிரியில் ஓட வேண்டும், சிறிது நேரத்துக்கு 70 டிகிரியையும் தாங்க வேண்டும். அதிர்வு, ஈரம், மின்னழுத்த ஏற்ற இறக்கம் என்று பட்டியல் நீளும். அதனால்தான் பலகையில் பதிக்கும் ஜிபிஎஸ் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் ஆகிறது. என் ஐபேட் அதில் ஒரு சிறு பங்குதான்.

அப்படியிருக்க இது எப்படிப் பெரிய விமானங்களின் காக்பிட்டுக்குள் நுழைந்தது?

எடைதான் காரணம். 1930-களில் அமெரிக்காவில் தபால் விமானம் ஓட்டிக்கொண்டிருந்த எல்ரே ஜெப்பசென், பத்து சென்ட்டுக்கு ஒரு கறுப்பு நோட்டு வாங்கி, இறங்குதளங்களின் நீளம், மலைகளின் உயரம், எந்தப் பண்ணையில் தொலைபேசி இருக்கிறது என்றெல்லாம் குறித்து வைத்தார். சக விமானிகள் கேட்டதால் 1934 முதல் பிரதி பத்து டாலர் என்று விற்றார். அந்த நோட்டு வளர்ந்து வளர்ந்து, எழுபத்தைந்து வருஷத்தில் ஒவ்வொரு விமானியும் சுமக்கும் பதினாறு கிலோ தோல்பெட்டி ஆயிற்று. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அந்தப் பெட்டிகளை இறக்கிவிட்டு ஐபேட் ஏற்றியதில் வருஷத்துக்கு 4 லட்சம் காலன் எரிபொருள், அதாவது 12 லட்சம் டாலர், மிச்சமாகும் என்று கணக்குச் சொன்னது. தூக்கித் தூக்கித் தோள்பட்டை போன விமானிகளின் கணக்குத் தனி.

முதல் ஐபேட் 2010 ஏப்ரலில் வந்தது. 2011 பிப்ரவரியிலேயே எக்ஸிக்யூட்டிவ் ஜெட் மேனேஜ்மென்ட் என்ற தனியார் ஜெட் நிறுவனத்துக்கு, காகித வரைபடத்துக்குப் பதிலாக ஐபேடை மட்டுமே வைத்துக்கொள்ள அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அனுமதி கொடுத்துவிட்டது. கடையில் விற்கும் பொருளுக்குப் பத்தே மாதம்! சும்மா கொடுக்கவில்லை. பத்து வகை விமானங்களில் 55 விமானிகள் 250 பயணங்களில் பயன்படுத்திப் பார்த்தார்கள். காற்றழுத்தம் திடீரென்று போனால் என்ன ஆகும் என்று அறைக்குள் வைத்து 51,000 அடி உயரத்துக்குச் சமமான அழுத்தம்வரை இறக்கினார்கள். விவரக்குறிப்பில் 10,000 என்று இருந்த பொருள் அதைத் தாங்கியது. அதே 2011 டிசம்பரில் அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்குப் பயணத்தின் எல்லாக் கட்டத்திலும் பயன்படுத்த அனுமதி கிடைத்தது, 2013-க்குள் அதன் விமானங்கள் அனைத்திலும் மாறிவிட்டார்கள்.

இந்த அனுமதியில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஐபேட் நம்பகமானது என்று யாரும் சான்றிதழ் தரவில்லை. பயணிகள் விமானத்தில் ஒரு அமைப்பு செயலிழந்தால் விமானமே போய்விடும் என்றால், அந்தச் செயலிழப்பு நூறு கோடி பறக்கும் மணிநேரத்துக்கு ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது கட்டுமான விதி. எந்த டேப்லெட்டும் அந்தப் பக்கமே போக முடியாது. ஒப்புதல் கிடைப்பது பொருளுக்கு இல்லை, அந்த விமான நிறுவனத்தின் முழு ஏற்பாட்டுக்கு: எத்தனை டேப்லெட், எங்கே மாட்டுவது, பேட்டரி எவ்வளவு இருந்தால் கிளம்பலாம், ஒன்று செத்தால் அடுத்தது என்ன, தீப்பிடித்தால் எதில் போட்டு மூடுவது. டேப்லெட் செத்துப்போகும் என்பதை ஒத்துக்கொண்ட பிறகுதான் பேச்சே தொடங்குகிறது.

என்னைப் போன்ற சனிக்கிழமை விமானிகளுக்கு இந்த ஏற்பாடு எதுவும் கட்டாயம் இல்லை. வாங்கினோம், மாட்டினோம், பறந்தோம்.

காகிதம் மட்டும் யோக்கியம் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய விமானிகளிடம் கேட்டால் சொல்வார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திருத்தப் பக்கங்கள் உறையில் வரும், வெங்காயச் சருகு மாதிரி மெல்லிய தாள்கள். பழையதை உருவி எறிந்து புதியதைச் செருக வேண்டும். டிவி பார்த்துக்கொண்டே செய்தால் நேற்று எறிந்திருக்க வேண்டியது உள்ளே இருக்கும், இருக்க வேண்டியது குப்பையில் போகும். ராத்திரி, மழை, குலுக்கல், மங்கல் விளக்கு என்று எல்லாம் சேர்ந்தபோது சரியான பக்கத்தைத் தேடும் அவஸ்தை டேப்லெட்டில் இல்லை. காகிதத்துக்குத் திரும்புவோம் என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் அதைச் சுமக்காதவர்கள்.

வேலையிலும் இதே கதைதான் பார்க்கிறேன். ஒன்று சாகும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்றால், இரண்டும் ஒரே நேரத்தில் சாகும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று. இரண்டு ஐபேட் வைத்தால் போதும் என்பதன் பின்னால் இருக்கும் பெருக்கல் இதுதான். இரண்டும் ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாமல் சாக வேண்டும், அப்போதுதான் பெருக்கல் செல்லும்.

2015 ஏப்ரல் 28. அமெரிக்கன் ஏர்லைன்ஸின் 737 விமானங்கள் கிளம்பத் தயாராக நிற்கின்றன. கேப்டனின் ஐபேடில் வரைபடச் செயலி மூடிக்கொள்கிறது. துணை விமானியினுடையதிலும் மூடிக்கொள்கிறது. பக்கத்து விமானத்திலும் அதே. பல டஜன் விமானங்கள் தாமதமாயின, சில மறுபடி வாயிலுக்கே திரும்பி வைஃபை பிடிக்க வேண்டியதாயிற்று. காரணம் கேட்டால் சிரிப்பு வரும்: வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தின் ஒரு வரைபடம் தரவில் இரண்டு முறை பதிவாகியிருந்தது. செயலியால் இரண்டில் எது என்று முடிவெடுக்க முடியவில்லை. செயலியை அழித்துவிட்டு மறுபடி நிறுவினால் சரி.

ஐபேடுகள் இரண்டும் ஆரோக்கியமாகத்தான் இருந்தன. ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடித்ததால் வயிற்றுப்போக்கு. நான் என் போனில் வைத்திருந்த “மாற்று” இதைவிட மோசம், கிணறே இல்லாத குடம்.

ஆனாலும் நல்ல வேளை, அவை கறுத்துப்போயின. கறுத்த திரையை யாரும் நம்ப முடியாது. விமானம் தரையில் நிற்கும், தாமதமாகும், பயணிகள் திட்டுவார்கள், அவ்வளவுதான். எனக்கு இப்போது பயம் வேறொன்றில்.

2004 அக்டோபர் 14, கனடாவின் ஹாலிஃபாக்ஸ். எம்கே ஏர்லைன்ஸின் 747 சரக்கு விமானம், சிங்கி இறாலும் மீனும் ஏற்றிக்கொண்டு ஸ்பெயினுக்குக் கிளம்புகிறது. அதற்கு முன்பு அமெரிக்காவின் பிராட்லியிலிருந்து வந்தது. எவ்வளவு எடைக்கு எவ்வளவு விசை, எந்த வேகத்தில் மூக்கைத் தூக்குவது என்பதை ஒரு மடிக்கணினி மென்பொருளில் போட்டுப் பார்ப்பார்கள். பிராட்லியில் எடை 2,40,000 கிலோ. ஹாலிஃபாக்ஸில் உண்மையான எடை 3,53,000. விசாரணையின்படி, பழைய 2,40,000 கணக்கில் தங்கிவிட்டது, அது யார் கண்ணிலும் படவில்லை. தளர்ந்த உடம்பு, நடுராத்திரி தாண்டிய வேலை, தனித்தனியே இருவர் சரிபார்க்க வேண்டியது நடக்கவில்லை. மென்பொருள் கேட்ட கேள்விக்கு மிகச் சரியாகப் பதில் சொன்னது, வேறொரு விமானத்துக்கான பதில். ஓடுபாதைக்கு அப்பால் இருந்த மண்மேட்டில் வால் மோதி, ஏழு பேரும் இறந்தார்கள்.

நாலரை வருஷம் கழித்து, 2009 மார்ச் 20, மெல்போர்ன். துபாய்க்குக் கிளம்பிய எமிரேட்ஸ் 407, ஏ340 வகை. கணக்கில் போட வேண்டிய எடை 362.9 டன். மடிக்கணினியில் தட்டியது 262.9. ஒரே ஒரு இலக்கம். 275 பேரோடு ஓடுபாதை முடிந்த பிறகும் எழும்ப முடியாமல் வால் தேய்ந்து, அந்தப்பக்கம் இருந்த ஆண்டெனாவை இடித்துக்கொண்டு எப்படியோ ஏறித் திரும்பிவந்தது. கேப்டன் முழு விசையையும் கொடுத்ததுதான் காப்பாற்றியது.

இரண்டுமே ஐபேட் கிடையாது, அதற்கு முந்தைய மடிக்கணினிகள். இரண்டிலும் கணினி பழுதாகவே இல்லை. திரை பளிச்சென்று இருந்தது, எண்கள் நேர்த்தியாக வரிசையில் நின்றன. 262.9 என்பதும் 362.9 என்பதும் ஒரே எழுத்துருவில், ஒரே நிறத்தில், ஒரே தன்னம்பிக்கையோடு தெரியும். எடைகூடிய வண்டி எப்படி இழுக்கும் என்று கையில் உணர்ந்த அப்பா மாதிரி ஆட்களுக்கு நூறு டன் தப்பு உறுத்துமா என்று அவரிடமே கேட்டேன். “தூக்கக் கலக்கத்துல எனக்கும் உறுத்தாதுடா” என்றார். நான் எதிர்பார்த்த பதில் அது இல்லை.

டேப்லெட் நம்பகமானதா என்று கேட்கும்போது எல்லோரும் பேட்டரியையும் வெப்பத்தையும் பேசுகிறோம். நானும் இத்தனை நேரம் அதைத்தான் பேசினேன், கதை அப்படித் தொடங்கியதால். சில்லறைத் தொல்லைகளும் உண்டுதான். போலராய்டு கண்ணாடி போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தால் ஒரு கோணத்தில் முழுக்கக் கறுப்பு. வைஃபை மட்டும் உள்ள மலிவான ஐபேடில் ஜிபிஎஸ் சில்லே கிடையாது, அதை வாங்கிவிட்டு வானத்தில் போய்க் கண்டுபிடித்தவர்கள் எங்கள் கிளப்பில் இரண்டு பேர். இயங்குதளப் புதுப்பிப்பு இன்னொரு தலைவலி. 2015-ல் வந்த ஐஓஎஸ் 8.3, வெளியிலிருந்து இணைக்கும் சில ஜிபிஎஸ் பெட்டிகளோடு ஒத்துப்போகவில்லை. ஆப்பிளுக்கு அது கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களில் ஒரு துளி. புதுப்பிப்பு வந்த ராத்திரியே “இப்போது நிறுவு” என்பதை அழுத்துகிற பழக்கத்தை நான் விட்டது அதற்கப்புறம்தான்.

இதெல்லாம் கறுத்த திரைகள், சமாளிக்கலாம். மூன்று வருஷமாக ஐபேட் ஒருமுறையும் தப்பாகச் சொல்லவில்லை என்பதால்தான் வான்வெளிப் படிகளை நான் மறந்துபோனேன். அது அடிக்கடி மக்கர் செய்திருந்தால் மறந்திருக்க மாட்டேன்.

அப்பா கிளம்புவதற்கு முந்தின வாரம் கேரேஜிலிருந்து மஞ்சள் ஒட்டுத்தாள் சுருளை எடுத்துவந்தார். ஒரு துண்டைக் கிழித்து ஐபேடின் முதுகில் ஒட்டினார். ஸ்கேல் வைத்து நான்கு கோடு போட்டார், பணிமனைக் கையெழுத்தில் தலைப்பு எழுதினார்: தேதி, படம், பேட்டரி, எதிரி. எதிரி என்றால் என்ன என்று கேட்டேன். “இது சொல்றதை எதிர்த்துக் கேக்குற இன்னொண்ணு. ஏதாவது ஒண்ணு. காகிதமோ, நீயோ.”

புதிய அச்சு வரைபடம் வாங்கினேன். போனில் வேறொரு நிறுவனத்தின் செயலி, வேறு தரவு. ரப்பர் உறையை எறிந்துவிட்டேன். பறக்கும் முன்பு எரிபொருளையும் எடையையும் பென்சிலால் ஒருமுறை தோராயமாகப் போட்டுப் பார்க்கிறேன், பிறகுதான் செயலியைத் திறக்கிறேன். முதல் இரண்டு மாதம் வேண்டாவெறுப்பாகத்தான் செய்தேன்.

ஒட்டுத்தாள் இப்போது மூன்றாவது. ஓரம் சூட்டில் சுருண்டுகொள்கிறது. கடைசி வரி போன சனிக்கிழமை போட்டது. படம்: இறக்கியாச்சு. பேட்டரி: 94. எதிரி: பென்சில் கணக்கு, எட்டு கிலோ வித்தியாசம், தப்பு என்னுடையது.